சுருளில் ஓடிய இரண்டு தரைகள்

அந்தக் கடிதத்தில் ‘சாட்சி’ என்று போட்ட இடத்தில் இருப்பது என் கையெழுத்து. க. கஜபதி, 11.6.1988. அதற்கு மேலே, தப்பை ஒப்புக்கொள்கிறவர் கையெழுத்துப் போட வேண்டிய இடம் இன்றைக்கும் காலியாகத்தான் இருக்கிறது. யாரும் ஒப்புக்கொள்ளாத ஒரு தப்புக்கு முந்திக்கொண்டு சாட்சி போட்டவன் இந்த அம்பத்தூர் எஸ்டேட்டிலேயே நான் ஒருவன்தான் இருப்பேன்.

ஆகவே ஞானசௌந்தரியைப் பற்றி எழுத உனக்கு என்னடா யோக்கியதை என்று யாராவது கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் பக்கத்து மேஜையில் பன்னிரண்டு வருஷம் உட்கார்ந்து பார்த்தவன் நான். மற்றவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள். அதனால் நானே எழுதித் தொலைக்கிறேன்.

அவள் அப்பா அருள்தாஸ் ஆவடி டாங்கி ஃபேக்டரியில் ஃபிட்டர். பாளையங்கோட்டைக்காரர். குவார்ட்டர்ஸில் குடும்பம். சௌந்தரி பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்துவிட்டு எண்பத்திரண்டில் எங்கள் கம்பெனிக்கு வந்தாள். தினமும் ஆவடியில் ரயில் ஏறிப் பட்டரவாக்கத்தில் இறங்கி, லாரிகளுக்கு நடுவில் நடந்து வருவாள். எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய ஜடை, தோளில் ஒரு காக்கிப் பை. அந்தப் பைக்குள் சொந்த ஸ்க்ரூ டிரைவர் இருந்தது. கம்பெனி ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்தபோது முனை மழுங்கியிருக்கிறது என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். முதல் நாளிலேயே திருப்பிக் கொடுக்கிற பெண் என்று எங்கள் பதினான்கு பேருக்கும் புரிந்துபோயிற்று.

எங்கள் கம்பெனி மீன்பிடி விசைப்படகுகளுக்கு எக்கோ மெஷின் செய்தது. கடலுக்கும் எங்களுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. நானே அப்போது மெரினாவில் கால் நனைத்ததோடு சரி. ஆனால் கடலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று காட்டுகிற மெஷினை நாங்கள்தான் செய்தோம். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

எக்கோ ஒன்றும் பெரிய மந்திரம் இல்லை. படகின் அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்பு வில்லை. மேலே கேபினில் ஓர் இரும்புப் பெட்டி. பெட்டி ஒரு மின்துடிப்பைக் கீழே அனுப்பும். வில்லை அதிர்ந்து, நம் காதுக்கு எட்டாத ஓர் ஒலியைத் தண்ணீருக்குள் தட்டிவிடும். ஒலி கீழே போய்த் தரையில் மோதித் திரும்பி வரும். அதே வில்லை அதைக் கேட்டு மேலே சொல்லும். தண்ணீரில் ஒலி ஒரு வினாடிக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் போகும். போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரிந்தால் ஆழம் தெரிந்துவிடும்.

பெட்டிக்குள் ஒரு காகிதச் சுருள் வலமிருந்து இடமாக மெதுவாக நகர்ந்துகொண்டிருக்கும். ஓர் ஊசி மேலிருந்து கீழாக அதை உரசிக்கொண்டே போகும், திரும்ப மேலே வரும், மறுபடி உரசும். ஊசி உச்சிக்கோட்டைத் தொடும்போது ஒலி கிளம்பும். எதிரொலி வந்து சேரும்போது ஊசி எந்த உயரத்தில் இருக்கிறதோ அங்கே பொறி தட்டிக் காகிதம் கருகும். ஒவ்வொரு உரசலுக்கும் ஒரு புள்ளி. புள்ளிகள் சேர்ந்து கோடாகும். அடியில் தடிமனாக ஓடும் கோடு கடல் தரை. நடுவில் தெரியும் கரும்புள்ளிகளும் பிறைகளும் மீன். தரை சேறாக இருந்தால் கோடு அகன்று வழியும். பாறையாக இருந்தால் கோடு வெட்டினாற்போல் இருக்கும், அதற்குக் கீழே இரண்டு மடங்கு ஆழத்தில் இன்னொரு கோடும் லேசாக விழும். ஒலி இரண்டாம் முறையும் போய்வந்த அடையாளம் அது.

எல்லோரும் செய்கிற தப்பு, அந்தக் காகிதத்தைப் போட்டோ என்று நினைப்பது. நானும் அப்படித்தான் நினைத்தேன். சௌந்தரிதான் என் மண்டையில் ஏற்றினாள். காகிதத்தில் குறுக்கே ஓடுவது இடம் அல்ல, நேரம். வலது ஓரம் இப்போது. இடது பக்கம் போகப் போக, அது முன்பு. நீளமாக ஒரு கோடு தெரிந்தால் அது நீளமான மீன் இல்லை, படகுக்கு அடியில் நெடுநேரம் நின்ற மீன்.

இதையெல்லாம் அவள் கடலில் கற்கவில்லை. எங்கள் ஷெட்டுக்குப் பின்னால் ஒரு பழைய பாசனக் கிணறு இருந்தது. எஸ்டேட் வருவதற்கு முன்னால் அங்கே வயல். மழைக்காலத்தில் நாற்பது அடித் தண்ணீர் நிற்கும், சித்திரையில் இருபதுக்கு வந்துவிடும். முதலாளி வீரராகவன் அதைத்தான் எங்களுக்குச் சோதனைக் கடலாகக் கொடுத்திருந்தார். வில்லையைக் கயிற்றில் கட்டிக் கிணற்றில் இறக்கிவிட்டு, மேலே பெட்டியை ஓடவிட்டு, தரைக்கோடு சரியான ஆழத்தில் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். விழுந்தால் சோதனை அட்டையில் கையெழுத்து.

முன்பு இந்த வேலையைச் செய்தவர்கள் ஐந்து நிமிஷத்தில் முடித்துவிடுவார்கள். சௌந்தரி ஒரு பெட்டிக்கு முக்கால் மணி எடுத்துக்கொண்டாள். தினமும் காலையில் முதல் காரியமாக முடிச்சுப் போட்ட கயிற்றில் ஈயக்குண்டைக் கட்டிக் கிணற்றின் ஆழத்தைக் கையாலேயே அளப்பாள். பிறகுதான் மெஷின். மூடி இறுக்கிய காலி டின்னைக் கல் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தாள். தண்ணீர் நிரப்பிய டின்னையும் தொங்கவிட்டாள். காலி டின் கன்னங்கரேலென்று விழுந்தது, நிரம்பிய டின் மங்கலாக விழுந்தது. ஒலிக்குக் காற்றுதான் பெரிய சுவர் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டாள். மீன் தெரிவதுகூட அதன் வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பையால்தான். சந்தையிலிருந்து உயிருள்ள ஜிலேபி மீன்கள் வாங்கி வந்து கிணற்றில் விட்டாள். அங்கே ஏற்கெனவே ஓர் ஆமை இருந்தது. ஆமை எத்தனை அடியில் தூங்குகிறது என்பது வரைக்கும் அவளுக்கு அத்துப்படி.

“இன்னாமா, கெணத்துக்குக் கல்யாணம் பண்ணப் போறியா?” என்று நான் கேலி செய்வேன்.

“கெணறு பொய் சொல்லாதுண்ணா. மாப்ள பாக்க வர்றவங்களவிட அது தேவல” என்பாள்.

எண்பத்துமூன்றில் அவளே ஒரு கோமாளித்தனம் செய்தாள். அதை இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும், பின்னால் எல்லாம் அதில்தான் போய் நிற்கிறது. எக்கோ காகிதம் வெளிநாட்டுச் சரக்கு, சுலபத்தில் கிடைக்காது. அதனால் சோதனைக்கு ஓடி முடிந்த சுருளையே எடுத்து, இடது பக்கத்திலிருந்து வலது பக்கத்துக்கு மாற்றி மாட்டி, இரண்டாவது தடவை ஓட்டச் சொன்னார் முதலாளி. சௌந்தரியும் ஓட்டினாள். பதினெட்டு அடியில் ஒரு பெரிய உருவம் தெரிந்தது. கிணற்றில் ஏதோ விழுந்துவிட்டது என்று பயந்து கத்தினாள். நாங்கள் கொக்கி போட்டு ஒரு மணி நேரம் துழாவினோம். ஒன்றும் இல்லை. கடைசியில் பார்த்தால் அது போன வாரம் அவளே தொங்கவிட்ட டின். பழைய கருகல் அப்படியே காகிதத்தில் இருந்திருக்கிறது. “போன வாரத்து மீனு” என்று அவளை ஒரு வருஷம் ஓட்டினோம். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. மறுநாளிலிருந்து ஓடி முடிந்த சுருள் ஒவ்வொன்றின் முனையிலும் சிவப்பு இங்கியில் குறுக்கே கோடு போட்டாள். ஒரு தடவை ஓடிய சுருளை அதற்கப்புறம் அவள் தொடவே இல்லை. முதலாளி முறைத்துப் பார்த்தார். அவளும் பார்த்தாள்.

இனி அந்தக் கடிதத்துக்கு வருகிறேன்.

எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம். படகுக்காரர் யாராவது மெஷின் சரியில்லை என்று சண்டைக்கு வந்தால் முதலாளி வாதாட மாட்டார். ‘வருத்தக் கடிதம்’ ஒன்று டைப் செய்யச் சொல்வார். ‘என் கவனக்குறைவால் தவறு நேர்ந்தது’ என்று தொழிலாளி ஒருவர் எழுதிக்கொடுத்ததுபோல் இருக்கும். எவன் கையில் கிடைக்கிறானோ அவன் பேர். கீழே ஒரு சாட்சி. படகுக்காரருக்கு ஒருவன் தலை கிடைத்த திருப்தி, கம்பெனிக்கு வியாபாரம் கெடாமல் போகும். ஃபைலில் அப்படி ஏழு கடிதம் இருந்தது. அதில் ஒன்று என்னுடையது. பெட்டிக்குள் போகிற காயில், அதாவது கம்பிச்சுருள், சுற்றுவது என் வேலை. நான் சுற்றாத ஒரு காயிலுக்காக நான் வருந்தியிருக்கிறேன். போட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன், அவ்வளவுதான். எனக்கு அப்போது வெட்கமாக இருக்கவில்லை. இப்போது இருக்கிறது.

எண்பத்தெட்டு ஜூனில் காசிமேட்டிலிருந்து ஜம்புலிங்கம் வந்தார். லாஞ்ச் முதலாளி. அவர் மச்சான் கோவிந்தன்தான் லாஞ்ச் ஓட்டுபவன். அவனும் கூட வந்திருந்தான். அவர்கள் இழுத்துக்கொண்டு போன வலை கடலடியில் ஒரு பாறையில் மாட்டிக்கொண்டது. எவ்வளவு இழுத்தும் வரவில்லை. லாஞ்ச் கவிழப் பார்த்தது. கயிற்றை வெட்டிவிட்டு முழு வலையையும் கடலிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள்.

“தரை சமமா கீதுன்னு உம் மெஷினு காட்டிச்சுபா. சேறுன்னு காட்டிச்சு. அங்க பாறை மல மாரி நிக்குது. ஆளுங்க செத்திருந்தா நீயா வந்து பதில் சொல்லுவ?” என்று ஜம்புலிங்கம் ஷெட் அதிரக் கத்தினார்.

சோதனை அட்டையை எடுத்துப் பார்த்தார்கள். சௌந்தரியின் கையெழுத்து.

“யாருபா இது? பொம்பளப் புள்ளயா? எங்க வெச்சு பாத்துச்சு?”

கிணற்றில் என்று எவனோ சொல்லிவிட்டான். ஜம்புலிங்கம் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் மறக்கவில்லை. “கெணத்துத் தவளைய நம்பி நான் கடலுக்குப் போய்க்கினு கீறேன்” என்றார். பக்கத்தில் நின்ற எங்கள் ஆட்களும் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டினேன்.

அன்று சனிக்கிழமை. மத்தியானத்துக்குள் கடிதம் டைப் ஆகிவிட்டது. இந்த முறை ஒரு வரி அதிகம் இருந்தது: ‘இனி நான் சோதனைப் பிரிவில் பணிபுரிய மாட்டேன் என உறுதி கூறுகிறேன்.’ வீரராகவன் முதலில் என்னைத்தான் கூப்பிட்டார். “சாட்சில போடுங்க கஜபதி, அந்தப் பொண்ணு அப்புறம் போட்டுடும்” என்றார். போட்டேன். பேனாகூட அவர் பேனா.

பிறகு சௌந்தரியைக் கூப்பிட்டார். அவள் நின்றபடியே கடிதத்தை முழுக்கப் படித்தாள்.

“சார், மெஷின் எங்க?”

“அது லாஞ்சுல இருக்கும்மா. இது ஒரு ஃபார்மாலிட்டி. எல்லாரும் போட்டதுதானே?”

“அந்த டிரிப்புல ஓடின காயிதம்?”

“அதெல்லாம் எதுக்கு இப்போ? கையெழுத்தைப் போட்டுட்டு திங்கக்கிழமைலேர்ந்து பேக்கிங்குக்குப் போ. சம்பளம் ஒண்ணும் குறையாது.”

“சம்பளத்தப் பத்தி நான் பேசல சார். அந்த மெஷின டெஸ்ட் பண்ண அன்னிக்குக் காலைல கயித்தப் போட்டு அளந்தேன். இருவத்தாறு அடி. மெஷினும் இருவத்தாறு காட்டிச்சு. நான் பாத்ததத்தான் எழுதினேன். பாக்காதத எழுதித் தர மாட்டேன்.”

“அப்போ திங்கக்கிழமை வர வேண்டாம்” என்றார் வீரராகவன்.

“வருவேன் சார்” என்றாள். கடிதத்தில் என் கையெழுத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

வீட்டிலும் ஆதரவு இல்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். ‘கையெழுத்துதானம்மா, போட்டுட்டு நிம்மதியா இரு’ என்று அருள்தாஸ் சொல்லியிருக்கிறார். அந்த ஒரு வேலையை விட்டால் சோதனை வேலைக்குப் பெண்ணை எடுக்கிற கம்பெனி எஸ்டேட்டில் வேறு கிடையாது. அப்படி ஒரு கடிதம் ஊருக்குள் சுற்றினால் எந்தக் கம்பெனியும் எடுக்காது. இரண்டு பக்கமும் அடி. ‘நீங்க முடுக்கின நட்டு லூசுன்னு பொய் சொல்லி எழுதிக் கேட்டா போடுவீங்களாப்பா?’ என்று இவள் கேட்டிருக்கிறாள். திங்கட்கிழமை காலை சாப்பாட்டு டப்பாவை அவரே கட்டிக் கையில் கொடுத்திருக்கிறார்.

திங்கட்கிழமை வந்தாள். அவள் மேஜை டிராயருக்குப் பூட்டு போட்டிருந்தது. ஷெட்டுக்குள் நிற்க இடம் இல்லை என்றதும் நேராகப் பின்பக்கம் போய்க் கிணற்றுச் சுவரில் உட்கார்ந்தாள். காலை எட்டரையிலிருந்து மாலை ஐந்தரை வரைக்கும். செவ்வாய்க்கிழமையும் அப்படியே. ஜூன் மாத வெயில். தலையில் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு, டப்பாவைத் திறந்து சாப்பிட்டு, கையைக் கழுவி, மறுபடி உட்கார்ந்தாள். வாட்ச்மேன் துரத்தப் போனபோது, “கெணத்த டெஸ்ட் பண்ணிக்கினு கீறேன், போய் சொல்லு” என்றாள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஒரு டீ வாங்கிக்கொண்டு போய்க் கொடுக்கக்கூட எனக்குத் துப்பில்லை.

புதன்கிழமை ஜம்புலிங்கமும் கோவிந்தனும் கடிதத்தை வாங்கிப் போக வந்தார்கள். லாஞ்சிலிருந்து பெட்டியையும் கழற்றிக் கொண்டுவந்திருந்தார்கள். சௌந்தரி கிணற்றடியிலிருந்து எழுந்து வந்து வாசலில் நின்றாள்.

“அண்ணே, கடிதாசி இல்ல. நான் கையெழுத்து போடல. அந்தக் காயிதத்தக் காட்டுங்க. தப்பு என்னுதுன்னா இங்கியே, உங்க எதிர்லியே போட்டுத் தரேன்” என்றாள்.

வீரராகவன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஜம்புலிங்கத்துக்கு இந்தப் பேச்சு புதிதாக இருந்திருக்க வேண்டும். “காட்டுடா பாக்கலாம்” என்று கோவிந்தனிடம் சொன்னார்.

பெட்டியைத் திறந்து சுருளை எடுத்து ஷெட் தரையில் விரித்தாள். லேத்துக்கும் டிரில்லிங் மெஷினுக்கும் நடுவில் பாய் விரித்தாற்போல் காகிதம் கிடந்தது. முட்டி போட்டு, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் விரலை வைத்துக்கொண்டே போனாள். எல்லோரும் வேலையை விட்டுவிட்டுச் சுற்றி நின்றோம். நடுவில் ஓர் இடத்தில் விரல் நின்றது.

“மேல உச்சிக்கோடு எத்தினி கீது, எண்ணுங்க.”

இரண்டு இருந்தது. ஒன்றுக்கொன்று ஒரு நூல் தள்ளி.

“ஒரு டிரிப்புக்கு ஒரு உச்சிக்கோடுதான் வுழும். இப்ப கீழ பாருங்க.”

கீழே தரைக்கோடும் இரண்டு. ஒன்று நல்ல கறுப்பு, ஓரம் மட்டும் பழுப்பேறியிருந்தது. கொஞ்ச தூரம் சமமாக ஓடி, வலது பக்கம் போகப் போகக் கீழே இறங்கியது. இன்னொன்று மங்கல், பென்சிலால் கிறுக்கினாற்போல். அது அதே இடத்தில் செங்குத்தாக மேலே ஏறியது. அதற்கு அடியில், இரண்டு மடங்கு ஆழத்தில், பாறைக்கே உரிய அந்த இரண்டாவது கோடும் லேசாகத் தெரிந்தது.

“ஏண்ணே, ஒரே நேரத்துல ஒரு லாஞ்சு பள்ளத்துல எறங்கிக்கினும் மேட்டுல ஏறிக்கினும் போவுமா?”

சௌந்தரி கோவிந்தன் பக்கம் திரும்பினாள்.

“காயிதத்த மாத்தி மாட்டி ரெண்டாந்தபா ஓட்டினீங்களா?”

கோவிந்தன் தலையைச் சொறிந்தான். “எல்லா லாஞ்சிலயும் அப்டித்தாங்க ஓட்றாங்க. காயிதம் எங்க கெடைக்குது? பழைய கோடு தெரியும், அத வுட்டுட்டு புதுசப் பாத்துப்போம்.”

“கெயினையும் கொறச்சு வெச்சீங்களா?” எதிரொலியைப் பெருக்கிக் கொடுக்கிற குமிழ்தான் கெயின்.

“ஊசி சீக்கிரம் தேயுதுன்னு...”

“அதான். கெயினக் கொறச்சா புதுக்கோடு மங்கலாதான் வுழும். பழசு போன டிரிப்புல நல்லா கருகிக் கீது. கண்ணு கறுப்பாக் கீறதத்தான் புடிக்கும். நீங்க பாத்தது போன டிரிப்போட தரை. மெஷினு ஒழுங்காதான் சொல்லிக்கினு இருந்துது, பாறை வருது வருதுன்னு. இதோ.”

பிறகு அவளாகவே சொன்னாள்: “இந்தத் தப்ப நானும் பண்ணிக் கீறேன். கெணத்துல போன வாரத்து டின்ன மீனுன்னு சொன்னவ நான். காயிதத்த ஒரு தபாதான் ஓட்டணும்னு மூடிக்குள்ள ஒட்டி வெச்சிக் கீறோம். இங்கிலீஷுல. அது எங்க தப்பு. அத நான் எழுதித் தரேன், கையெழுத்தும் போட்டுத் தரேன். சரியா டெஸ்ட் பண்ணலன்னு மட்டும் எழுதித் தர மாட்டேன்.”

கோவிந்தன் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஜம்புலிங்கம் லேசில் மசிகிற ஆள் இல்லை. “கத நல்லா சொல்ற. காயிதத்துல நாலு கிறுக்கலக் காட்டி, இதான் பாறன்ற. நாப்பது வருசமா கடல்ல கீறவன் நானு. நீ கடலப் பாத்துக் கீறியா?”

“இல்ல. நீங்க கடலுக்கடியப் பாத்துக் கீறீங்களா?”

யாரோ சிரித்தார்கள். இந்தத் தடவை அவளைப் பார்த்து இல்லை.

“புதுச் சுருள் ஒண்ணு தரேன்” என்றாள். “பொட்டியத் திரும்ப லாஞ்சுல மாட்டி, கெயின நான் வெச்ச எடத்துலியே வெச்சு, அதே எடத்துக்குப் போய், அந்தப் பாறை மேல ஒருவாட்டி போங்க, திரும்ப ஒருவாட்டி வாங்க. காயிதத்தக் கொண்டாந்து தாங்க. நான் சொல்றது பொய்யின்னா எந்தக் கடிதாசில வேணா போடறேன்.”

கம்பெனிச் சுருளை அவள் எடுத்துக் கொடுத்தபோது வீரராகவன் தடுக்கவில்லை. தடுக்க முடியாத இடத்தில் நிற்கிறோம் என்று அவருக்கும் தெரிந்திருக்கும். வியாழக்கிழமையும் சௌந்தரி கிணற்றுச் சுவரிலேயே உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு நான் டீ வாங்கிக்கொண்டு போனேன். வாங்கிக் குடித்தாள்.

கடலில் இடத்தைக் கண்டுபிடிப்பது அந்த ஆட்களுக்குக் கஷ்டமே இல்லை. கலங்கரை விளக்கத்தையும் தூரத்து மலையையும் கண்ணால் நேர் பிடித்து அதே இடத்துக்குப் போய்விடுவார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் கோவிந்தன் மட்டும் பஸ் பிடித்து அம்பத்தூருக்கு வந்தான். கக்கத்தில் சுருள், பாலித்தீன் பையில் பத்திரமாகச் சுற்றியிருந்தது.

சௌந்தரி விரித்தாள். ஒரே உச்சிக்கோடு. ஒரே தரை. வடக்கிலிருந்து போகும்போது சேறு, சேறு, பிறகு சடக்கென்று சுவர்போல ஒரு பாறை, அதன் மறுபக்கம் மெதுவாகச் சரிவு. திரும்பி வரும்போது அதே படம் தலைகீழாக: முதலில் சரிவு, பிறகு சுவர். இவ்வளவும் எனக்கே தெரிந்தது. அவள் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். பாறையின் சுவர்ப் பக்கத்தில், தரையிலிருந்து இரண்டு பாகம் மேலே, வரிசையாகச் சின்னச் சின்னக் கரும்புள்ளிகள். பாகம் என்பது மீனவர்கள் கையை விரித்து அளக்கிற அளவு, ஆறு அடி.

“வலைல மெதப்பு கட்டுவீங்களா?”

“கட்டுவோம். பிளாஸ்டிக் உருண்டை. உள்ள வெறும் காத்துதான்.”

“எத்தினி?”

“இருவது, இருவத்தொண்ணு இருக்கும்.”

அவள் பென்சில் முனையால் புள்ளிகளைத் தொட்டு எண்ணினாள். போகும்போது விழுந்தது ஒன்பது, வரும்போது விழுந்ததும் அதே உயரத்தில் ஒன்பது.

“மீனா இருக்கும்மா” என்றான் கோவிந்தன், பாதி நம்பியும் நம்பாமலும்.

“மீனு நீங்க திரும்பி வர்ற வரைக்கும் வரிசையா நின்னுக்கினு இருக்குமா? இது நகரல. மிச்ச மெதப்பு பாறைய ஒட்டிக்கினு கீது, பாறைக் கோட்டோட கலந்துடும். இத்தினி கறுப்பு காத்துக்குத்தான் வரும். காலி டின்னு எனக்கு இப்டித்தான் வுழும். அண்ணே, உங்க வலை அங்கியே கீது. பாறையோட சொவத்துல மாட்டிக்கினு மெதப்போட நிக்குது. நீங்க வடக்கேர்ந்து தெக்க இழுத்துக்கினு போனீங்க. அதே பக்கம் இழுத்தா இன்னும் இறுகும். கொக்கியப் போட்டு, வந்த வழியே வடக்கப் பாத்து இழுங்க.”

கோவிந்தன் சுருளைச் சுற்றிக்கொண்டு ஓடினான். கும்பிடுகூடப் போடவில்லை, அவ்வளவு அவசரம்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு ஒரு டெம்போ எங்கள் வாசலில் வந்து நின்றது. ஜம்புலிங்கமும் கோவிந்தனும் இன்னும் நான்கு பேரும் இறங்கினார்கள். டெம்போ முழுக்க வலை. ஒரு பக்கம் கிழிந்து தொங்கியது, மற்றதெல்லாம் முழுசாக இருந்தது. ஷெட்டில் எண்ணெய் வாடையை அமுக்கிக்கொண்டு மீன் வாடை பரவியது. ஜம்புலிங்கம் ஒரு மிதப்பு உருண்டையை அறுத்து எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். சௌந்தரி இல்லாததைப் பார்த்துவிட்டு, “எங்க அந்தப் பொண்ணு?” என்றார்.

கிணற்றடியில் என்று நான் கை காட்டினேன். அவர் பின்பக்கம் நடந்தார். அவர் பின்னால் முதலாளி, முதலாளி பின்னால் நாங்கள் எல்லோரும்.

“தங்கச்சி, வலை வந்துடுச்சு” என்றார் ஜம்புலிங்கம். மிதப்பை அவள் பக்கத்தில் கிணற்றுச் சுவர்மேல் வைத்தார். “வடக்கப் பாத்து இழுத்தேன். பூ மாரி வந்துச்சு. நான் பேசினது தப்பு. எம்புள்ளைங்களுக்கு இந்தக் காயிதத்தப் படிக்கக் கத்துத் தா. காசிமேட்டுக்கு வா. கரையில நாற்காலி போட்டு ஒக்கார வெக்கிறேன்.”

“கரையிலயா? லாஞ்சுல ஏறக் கூடாதா?”

“பொம்பளைங்க ஏறினா ஆவாதுன்னு...”

“அப்ப வரல. மெஷினு கேபின்ல கீது. கேபின்லதான் சொல்லித் தர முடியும்.”

ஜம்புலிங்கம் நாற்பது வருஷக் கடலையும் மனதுக்குள் ஒருமுறை சுற்றி வந்திருப்பார் போல. கடைசியில், “ஏறு. யாரு கேக்கறான்னு நான் பாக்கறேன்” என்றார்.

வீரராகவன் சட்டைப்பையிலிருந்து டிராயர்ச் சாவியை எடுத்து நீட்டினார். “சரிம்மா, எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. போய் வேலையப் பாரு. அந்த லெட்டரைக் கிழிச்சுப் போட்டுடறேன்.”

“கிழிக்காதீங்க சார். அத எங்கிட்ட குடுங்க” என்றாள். எல்லோர் முன்னாலும் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். அவர் உள்ளே போய் எடுத்து வந்து கொடுத்தார். அதை நான்காக மடித்து அந்தக் காக்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அந்த ஷெட்டில் அதற்கப்புறம் யாரும் வருத்தக் கடிதம் எழுதவில்லை. முதலாளி திருந்தினார் என்று சொல்ல மாட்டேன். கேட்டுப் பார்க்கத் தைரியம் வரவில்லை, அவ்வளவுதான். எக்கோ பெட்டி மூடிகளுக்குள் தமிழில் ஸ்டிக்கர் ஒட்டினோம்: ‘ஒரு சுருள் ஒரே முறை.’ வாசகம் சௌந்தரியுடையது. அவள் காசிமேட்டுக்குப் போனாள், லாஞ்சில் ஏறினாள், வாந்தி எடுத்தாள், மறு ஞாயிறும் சர்ச் முடிந்ததும் போய் ஏறினாள்.

தொண்ணூற்று நான்கில் காகிதம் போய்த் திரை வந்தது. சின்னச் சின்னக் கட்டங்கள் நகர்ந்து இடது ஓரத்தில் மறைந்துவிடும், எதுவும் தங்காது. “நல்ல மெஷினுதான். ஆனா அன்னிக்கு இதுவா இருந்திருந்தா நான் எத விரிச்சுக் காட்டுவேன்?” என்றாள். அதே வருஷம் வேலையை விட்டுவிட்டு நசரத்பேட்டையில், ஹைவே ஓரத்தில், எக்கோ ரிப்பேர் கடை போட்டாள். கடலிலிருந்து இத்தனை தூரத்தில் எவன் வருவான் என்று நான் சொன்னேன். நாகப்பட்டினத்திலிருந்தும் பெட்டிகள் லாரியில் வந்தன.

தொண்ணூற்று ஏழில் எங்கள் ஷெட்டை மூடினார்கள். நான் வேலை கேட்டுப் போனது அவள் கடைக்குத்தான். போகும்போது வெட்கம், போகாமல் இருந்தால் பட்டினி. “வாங்கண்ணா” என்று ஸ்டூலை இழுத்துப் போட்டாள். காயில் சுற்ற ஆள் வேண்டும் என்றாள். அன்றைக்கே ஒரு பெட்டியைச் சரிசெய்தோம். கடைக்குப் பின்னால் சிமெண்ட் தொட்டியில் வைத்து, கயிறு போட்டு அளந்து, நானே ஓட்டிப் பார்த்தேன். அவள் சோதனை அட்டையை என் பக்கம் தள்ளினாள்.

“பாத்தீங்க இல்ல? கையெழுத்து போடுங்க.”

போட்டேன். ஒன்பது வருஷமாகக் கேட்காமல் வைத்திருந்ததை அப்போதுதான் கேட்டேன். “சௌந்தரி, அந்தக் கடிதாசி இன்னும் வெச்சிருக்கியா?”

டிராயரைத் திறந்து காட்டினாள். மடிப்பில் பழுப்பேறியிருந்தது. மேலே காலி இடம், கீழே நான்.

“அத எங்கிட்ட குடுத்துடும்மா. கிழிச்சுப் போட்டுடறேன்.”

அவள் டிராயரை மூடினாள்.

“வேணாம்ணா. கிழிச்சா நீங்க மறந்துடுவீங்க” என்றாள். பிறகு அடுத்த பெட்டியைத் தூக்கி என் முன்னால் வைத்தாள்.